கேட்டால் தரும் உடல்

1990ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பாஸ்டன் நகரில் முதியோர் தங்கி மருத்துவம் பெறும் இல்லம் ஒன்றில் நடந்த ஆய்வு அது. மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரின் தலைமையில் ஒரு குழு அங்கிருந்த பத்துப் பேரைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டது. அவர்களின் சராசரி வயது 90. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் எழ முடியாதவர்களும் இருந்தார்கள்.

அந்த வயதில் ஒருவருக்கு நாம் என்ன சொல்வோம்? "ஓரமா உட்காருங்க பாட்டி, நான் எடுத்துத் தரேன்" என்போம். இந்தக் குழு அவர்கள் காலில் எடையைக் கொடுத்தது. கண்துடைப்புக்கான எடையும் அல்ல. ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை எதுவோ, அதில் 80 சதவீதம் வரை. வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம். ஒன்பது பேர் கடைசி வரை நின்றார்கள்.

முடிவில் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டு நடந்தார்கள். கை ஊன்றாமல் எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்து நின்றார்.

அதே ஆய்வில் இன்னொரு அளவும் எடுத்தார்கள். தொடைத் தசையின் பரப்பு எவ்வளவு கூடியது? 9 சதவீதம்தான். பலம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காக ஆகியிருக்கிறது. தசையோ பத்தில் ஒரு பங்குகூட வளரவில்லை. அப்படியானால் மீதிப் பலம் எங்கிருந்து வந்தது?

பெண்களின் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நான் தொடங்க விரும்பும் இடம் இந்தக் கேள்விதான்.

உறங்கிக் கிடந்த பலம்

ஒரு தசையில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்குவதில்லை. சிறு சிறு அணிகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் அணிக்கும் தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்புச் செல் தலைமை தாங்குகிறது. அந்த நரம்புச் செல்லையும் அது ஆட்டிவைக்கும் இழைகளையும் சேர்த்து 'இயக்க அலகு' என்கிறோம். காபி டம்ளரை எடுக்கச் சிறிய அலகுகள் சில போதும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றப் பெரிய அலகுகளும் வர வேண்டும். சிறியவை முதலில், பெரியவை தேவைப்பட்டால் மட்டும் என்ற இந்த வரிசையை எல்வுட் ஹென்னிமன் என்ற உடலியல் அறிஞர் கண்டறிந்தார்.

பெரிய சுமையே வராத உடலில், பெரிய அலகுகளை யாரும் அழைப்பதில்லை. வருடக்கணக்கில் அழைக்காமல் விட்டால் மூளைக்கும் அழைக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. எடைப் பயிற்சி தொடங்கியதும் முதலில் சரியாவது இதுதான். மூளை கூடுதல் அலகுகளை எழுப்புகிறது. அவற்றுக்குக் கட்டளைகளை வேகமாக அனுப்புகிறது. ஒரு தசை இழுக்கும்போது எதிர்த்திசையில் முரண்டு பிடிக்கும் தசையைத் தளரச் சொல்கிறது. பயிற்சியின் முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு இந்த நரம்பு மண்டலத்தின் வேலையே என்பதை மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவரும் 1979இல் அளந்து காட்டினார்கள். தசை பருப்பது அதற்கு அடுத்த கட்டம்.

"மூணு வாரமா போறேன், உடம்பு அப்படியேதான் இருக்கு. ஆனா கேஸ் சிலிண்டரை நானே நகர்த்திட்டேன்" என்று சொல்லும் பெண்கள் உண்டு. அவர்கள் சொல்வது சரியான அறிவியல். கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே பலம் வந்துவிடுகிறது. கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் மூன்றாவது வாரத்தில் மனம் விட்டுப்போகிறார்கள்.

பாஸ்டன் முதியவர்களுக்கு வெளியிலிருந்து யாரும் பலத்தைக் கொண்டுவந்து ஊற்றவில்லை. அது அவர்களுக்குள்ளேயே இருந்தது, கேட்பாரில்லாமல் கிடந்தது. உடல் தன்னிடம் கேட்கப்படுவதைத்தான் தரும். கேட்காததை மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் தசை, எலும்பு, மனம் மூன்றையும் புரிந்துகொள்ளலாம்.

பெண்ணிடம் கேட்கப்படாதது

நம் ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. உருண்டையான அந்தக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிற இளைஞனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பலத்தை மெச்சுவதற்கென்றே ஊர் நடுவில் ஒரு கல். அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்த பெண், அன்று காலையில் கிணற்றிலிருந்து தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வந்தவள். அந்தச் சுமையைப் பலம் என்று யாரும் எண்ணவில்லை. கடமை என்றார்கள். இப்போது சில ஊர்களில் பொங்கல் போட்டியில் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள் என்பது மகிழ்ச்சியான மாற்றம்.

இது நம் ஊரின் குறை மட்டுமல்ல. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்திருந்ததைப் பத்திரிகைகள் பெரும் விபரீதம்போல ஊதி எழுதின. அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது ஒலிம்பிக்குக்குத் திரும்பி வர 1960 ஆயிற்று. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் பதிவு எண்ணுடன் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரின் மேல் பாய்ந்து, அவர் சட்டையிலிருந்த எண்ணைப் பிடுங்க முயன்றார் போட்டி அதிகாரி ஒருவர். நெடுந்தூரம் ஓடினால் கருப்பைக்குக் கேடு என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. அந்த மாரத்தான் பெண்களை முறைப்படி ஏற்றது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல். பெண்கள் பளுதூக்குதல் வந்ததோ 2000இல், சிட்னியில். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். கேட்டார்கள், தந்தார்.

ஒலிம்பிக் கதவு திறந்தும் வீட்டுக்குள் பழைய பயம் போகவில்லை. "வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடுவ" என்கிறார்கள். தசை பெரிதாகப் பருப்பதற்குத் துணை நிற்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், வளர்ந்த ஆணின் ரத்தத்தில் பெண்ணைவிடச் சுமார் பதினைந்து மடங்கு அதிகம். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மலைபோலத் தோள் வந்துவிடாது. ஆனால், தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்று விகிதத்தில் பார்த்தால் பெண்களும் ஆண்களும் ஏறத்தாழ ஒரே அளவு பலம் பெறுகிறார்கள். பயிற்சியில்லாத பெண்ணின் மேலுடல் பலம் ஆணின் பலத்தில் பாதியளவும் கால் பலம் மூன்றில் இரண்டு பங்கும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. தொடக்கம் வேறு, ஏறும் வேகம் ஒன்றுதான். அதிலும் ஒரே பிடியை நீண்ட நேரம் தாங்கி நிற்கும் வேலைகளில் பெண்ணின் தசை தாமதமாகவே சோர்கிறது.

எலும்பின் காது

எலும்பு என்றதும் சுவருக்குள் இருக்கும் கம்பிபோல உயிரற்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் வீடு. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரிக்கின்றன. இன்னொரு வகைச் செல்கள் புதிதாகப் பூசுகின்றன. எங்கே இடிப்பது, எங்கே கட்டுவது என்று சொல்வது எலும்புக்குள் புதைந்திருக்கும் மூன்றாவது வகைச் செல்கள். எலும்பு சுமையால் இம்மியளவு வளையும்போது அதன் நுண்குழாய்களில் நீர் அசைகிறது. அந்த அசைவை உணர்ந்து, "இங்கே பாரம் விழுகிறது, கெட்டியாக்கு" என்று இவை செய்தி அனுப்புகின்றன. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார்.

இதற்கு நேர்மாறான சாட்சி விண்வெளியில் கிடைத்தது. எடையே இல்லாத அந்த இடத்தில் எலும்பிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம்வரை அடர்த்தி கரைந்தது. அதனால்தான் அங்கேயும் அவர்கள் தினமும் எதிர்விசைப் பயிற்சி செய்கிறார்கள்.

பூமியிலேயே இருக்கும் பெண்ணுக்கு ஒரு கட்டத்தில் இதுபோன்ற இழப்பு வருகிறது. எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளமாக இருப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நின்றபின் அது குறைகிறது, கடிவாளம் தளர்கிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம்வரை போய்விடக்கூடும். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பு முறிந்து, அதன்பின் அவர் எழுந்து நடமாடவேயில்லை என்ற கதை நம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அந்தக் கதை விழுந்த அன்று தொடங்கவில்லை. இருபது வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

1994இல் மிரியம் நெல்சன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், 50 முதல் 70 வயதுக்குள் இருந்த, மாதவிடாய் நின்ற 40 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு இரண்டே நாள் எடைப் பயிற்சி செய்தது. மற்றது வழக்கம்போல இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களின் இடுப்பு, முதுகு எலும்புகளில் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சிக் குழுவுக்குத் தசைப் பலமும் விழாமல் சமாளிக்கும் சமநிலையும் சேர்ந்தே மேம்பட்டன.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இன்னும் துணிந்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். எலும்பு ஏற்கெனவே மெலிந்துவிட்ட 101 பெண்கள். எல்லோரும் 58 வயதுக்கு மேற்பட்டவர்கள். இப்படிப்பட்டவர்களிடம் "கனமான எதையும் தொடாதீர்கள்" என்பதே வழக்கமான அறிவுரை. இந்த ஆய்விலோ, பயிற்சியாளர் கூடவே நின்று முறையைச் சொல்லித்தர, தரையிலிருந்து கனத்த எடையைத் தூக்க வைத்தார்கள். தலைக்கு மேல் ஏற்ற வைத்தார்கள். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம். முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்த குழுவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பயிற்சியால் நேர்ந்த கேடு, ஒருவருக்கு வந்த லேசான முதுகுப் பிடிப்பு மட்டுமே.

தசை செய்யும் இன்னொரு உபகாரமும் நம் வீடுகளுக்கு நெருக்கமானது. சாப்பாட்டுக்குப்பின் இன்சுலினின் தூண்டுதலால் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சர்க்கரையில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகள்தாம். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவுள்ள நாட்டில் தசை என்பது அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல.

வீட்டு வேலை போதாதா?

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கேன், இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண் பொய் சொல்லவில்லை. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம். கேள்வி நியாயமானது. ஆகவே பதிலும் மரியாதையோடு சொல்லப்பட வேண்டும்.

உழைப்பும் பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல. வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, சுமை. அதே பாத்திரம், அதே வாளி, அதே மாடிப்படி என்று பத்து வருடம் போனால், முதல் சில மாதங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடுகிறது. அதன்பின் கூடுதலாக எதையும் கட்ட வேண்டிய தேவை அதற்கில்லை. பயிற்சியில் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, உடலும் ஏறுகிறது. இரண்டாவது, ஓய்வு. எடையைத் தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. தூக்கி முடித்த அடுத்த ஒன்று இரண்டு நாட்களில், உணவிலிருந்து வரும் புரதத்தைக்கொண்டு, உறக்கத்தின் துணையோடு அது தன்னைப் பழுதுபார்த்துக் கட்டிக்கொள்கிறது. கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் சுமக்கும் செங்கல், எந்த ஜிம் எடைக்கும் குறைந்ததல்ல. ஆனால் சுமையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. எப்போது நிறுத்துவது என்பதும் அவர் கையில் இல்லை. வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் பரிமாறியபின் மீந்ததைச் சாப்பிடுகிறார். அதே சுமை ஒருவரைக் கட்டுகிறது, இன்னொருவரைத் தேய்க்கிறது.

மூன்றாவது, நோக்கம். வீட்டு வேலை ஒவ்வொரு நாளும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். துலக்கிய பாத்திரம் மறுநாள் மறுபடி அழுக்காகும். நேற்றைவிட இன்று நான் ஒரு படி மேலே என்று சொல்ல அதில் இடமே இல்லை. இலக்கைப் பற்றிய அறிவியல் தொடங்கும் இடம் இதுதான்.

இலக்கு என்பது தெளிவான கேள்வி

எட்வின் லாக், கேரி லாதம் என்ற இரு உளவியலாளர்கள் இலக்கு நிர்ணயம் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். லாதம் செய்த ஓர் ஆய்வு 1975இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மரத்தடி ஏற்றிச்செல்லும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதம் மட்டுமே ஏற்றிக்கொண்டு போய்வந்தன. "உங்களால் முடிந்த அளவு ஏற்றுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. பிறகு ஓட்டுநர்களிடம் ஒரு எண்ணைச் சொன்னார்கள்: 94 சதவீதம். கூடுதல் சம்பளம் கிடையாது. சில மாதங்களில் ஏற்றம் 90 சதவீதத்தைத் தொட்டது.

'முடிந்ததைச் செய்' என்பது இலக்கல்ல. அது சாக்குப்போக்குக்கு வாசல் திறந்து வைத்திருக்கும் ஆசி. துல்லியமான, கொஞ்சம் கடினமான இலக்கு கவனத்தை ஒரு புள்ளியில் குவிக்கிறது, விடாமல் முயலவும் வைக்கிறது என்பதே அவ்விருவரும் வந்தடைந்த முடிவு.

நம் பெண்களுக்கு உடற்பயிற்சியில் கொடுக்கப்படும் இலக்கு பெரும்பாலும் ஒன்றே ஒன்று: எடை குறைய வேண்டும். கல்யாணத்துக்குள், பிரசவத்துக்குப்பின், புடவை அழகாக நிற்க. இந்த இலக்கில் ஒரு அடிப்படைக் குறை உண்டு. உடல் எடை தண்ணீராலும் உப்பாலும் மாதவிடாய்ச் சுழற்சியாலும் ஒரே நாளில்கூட ஏறி இறங்கும். வாரம் முழுக்க ஒழுங்காகப் பயிற்சி செய்தவளுக்கும் எடைக்கருவி தோல்வி என்று காட்டலாம். தசை கூடிக் கொழுப்பு குறைந்தால், உடல் மாறியிருக்கும், முள் மட்டும் அசைந்திருக்காது. மாறாக, "கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவேன்" என்பது அவள் செயலோடு நேராகக் கட்டப்பட்ட இலக்கு. போன வாரம் ஏழு, இந்த வாரம் எட்டு. அந்த எட்டு அவளுடையது.

அந்த எட்டு மனதுக்குள் என்ன செய்கிறது என்பதை ஆல்பர்ட் பாண்டுராவின் கோட்பாடு விளக்குகிறது. "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்று 1977இல் அவர் எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, பிறர் ஊக்கமாகச் சொல்வது, தன் உடலும் மனமும் அந்நேரம் எப்படி இருக்கின்றன என்ற உணர்வு. இவற்றில் மிக வலுவானது முதலாவது. பாராட்டு காற்றில் கரைந்துவிடலாம். தன் கையால் தூக்கிய எடையை யாரும் மறுக்க முடியாது. எடைப் பயிற்சியின் தனிச்சிறப்பு, இந்த அனுபவத்தை எண்ணாக, வாராவாரம், ஐயத்துக்கு இடமில்லாமல் கையில் கொடுத்துவிடுவது.

1,877 பேர் பங்கேற்ற 33 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எடைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைப்பதைக் காட்டியது. பலம் எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்து அந்தப் பலன் அமையவில்லை. குறைவாக முன்னேறியவர்களுக்கும் மனம் லேசானது. முதலிடம் பிடிப்பவருக்கு மட்டும் உரியதல்ல இந்த மருந்து.

தொடங்குவதும் தொடர்வதும்

ஆசை இருந்தும் ஏன் நடப்பதில்லை? 2002இல் பிரிட்டனில் 248 மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. அவர்களில் 38 சதவீதம் பேர் ஒரு வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் தீவிர உடற்பயிற்சி செய்தார்கள். இரண்டாவது குழுவிடம் உடற்பயிற்சியின் நன்மைகளை விளக்கும் தாளைக் கொடுத்தார்கள். 35 சதவீதம். மூன்றாவது குழுவிடம் அதே தாளோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் செய்யப்போகிறீர்கள் என்று எழுதித் தரவும் சொன்னார்கள். 91 சதவீதம்.

"நாளையிலிருந்து செய்யணும்" என்பதற்கும் "செவ்வாய், வெள்ளி, பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும், கூடத்தில்" என்பதற்கும் இடையே அவ்வளவு தூரம் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரைக் கவனித்ததில், ஒரு புதிய செயல் தானாக வரும் பழக்கமாகப் படிய நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறவிட்டது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. உறவினர் வந்தார்கள், காய்ச்சல் வந்தது, ஒரு வாரம் போயிற்று என்றால் குற்றவுணர்வு வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவையும், குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகளுக்கான பலப் பயிற்சியையும் சொல்கிறது. நடைப்பயிற்சியை நம் பெண்கள் ஓரளவு ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். விட்டுப்போனது இரண்டாவது பாதி. அதற்கு ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, கோயிலில் போடும் தோப்புக்கரணத்தைப் போல நிதானமாக முழங்கால் மடக்கி எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, அரிசிப் பையை இடுப்பு மடக்கி முதுகு வளைக்காமல் தூக்கி வைப்பது ஆகியவற்றில் தொடங்கலாம். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் போய்விட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்டுங்கள். மூச்சைப் பிடித்து வைக்காமல், தூக்கும்போது வெளியே விடுங்கள்.

தொடங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. இரும்புச்சத்து குறைந்த ரத்தத்தோடு பயிற்சி செய்து மூச்சு வாங்கினால், அதைச் சோம்பல் என்று தன்னையே திட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், அண்மையில் நடந்த பிரசவம் அல்லது அறுவை சிகிச்சை, சிறுநீர் கசிவு, தீராத மூட்டுவலி இருப்பவர்கள் மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தட்டில் பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டபின் அல்ல, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே.

வீட்டிலிருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டின் நிலவரப்படி இந்தியாவில் போதிய உடலசைவில்லாத ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 57 சதவீதம் என்று 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் மதிப்பிட்டது. இந்த இடைவெளியைப் பெண்ணின் சோம்பல் என்று நினைத்தால் தவறு. 299 நிமிடத்துக்கும் 97 நிமிடத்துக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அங்கே வேறு உருவத்தில் தெரிகிறது. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்வதைவிட, வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் அடுப்படியை ஏற்றுக்கொள்வது அவளுக்குப் பெரிய உதவி.

தொண்ணூறு வயதில், எட்டு வாரத்தில், கைத்தடியைக் கீழே வைத்தவர்களின் கால்களில் இருந்த அதே நரம்புகளும் தசைகளும்தான் உங்கள் கால்களிலும் இருக்கின்றன. இன்று மாலை ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் காலண்டரில் இன்றைய தேதிக்குக் கீழே எழுதுங்கள். அதற்கு அடுத்த எண்தான் உங்கள் முதல் இலக்கு.